கறிவேப்பிலைத் தொட்டியில் முட்டை வைத்த கறுப்பு சிவப்புப் பட்டாம்பூச்சி – இது கிரிம்சன் ரோஸ்தானா?

மொட்டைமாடி:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் இருக்கிறோம், மாடியில் கொஞ்சம் தொட்டிகள் வைத்திருக்கிறேன். நேற்று வெயில் ஏறிய நேரத்தில் பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று வந்து கறிவேப்பிலைச் செடியை விட்டு நகரவே இல்லை. பின் இறக்கையில் சிவப்புப் புள்ளிகள், முன் இறக்கையில் மங்கலாக வெள்ளைப் பட்டை, கீழே வால் மாதிரி இரண்டு நீட்டம். கொழுந்தில் ஒரு நொடி உட்காரும், வயிற்றை வளைக்கும், எழுந்து அடுத்த கொழுந்துக்குப் போகும். அது போன பிறகு பார்த்தால் இலைக்கு அடியில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக வெளிர் மஞ்சளில் குட்டி உருண்டைகள்.

போனில் உள்ள ஒரு செயலியில் படத்தைப் போட்டால் கிரிம்சன் ரோஸ் என்கிறது. எதிர்வீட்டுத் தாத்தா "அது விஷம், பிள்ளைகளைத் தொட விடாதே" என்கிறார். அப்படியா? அதை விட முக்கியமான கேள்வி, ஏற்கெனவே செடியில் சாம்பாருக்குக் கிள்ளிப் போடக்கூட இலை இல்லை, இந்த முட்டையெல்லாம் பொரிந்தால் என் செடி என்ன ஆகும்? படம் இணைத்திருக்கிறேன், கொஞ்சம் ஆடிவிட்டது, மன்னிக்கவும்.

லென்ஸ் பாலா:

படம் ஆடியிருந்தாலும் பரவாயில்லை, வேண்டியது தெரிகிறது. இது கிரிம்சன் ரோஸ் இல்லை. காமன் மார்மன் பெண். கிரிம்சன் ரோஸ் மாதிரி வேஷம் போட்டிருக்கிறது, செயலி அந்த வேஷத்தில் விழுந்துவிட்டது. செயலியைக் குறை சொல்ல மாட்டேன், பறவைகளே விழுகின்றன.

எப்படித் தெரியும்? இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். கிரிம்சன் ரோஸுக்குத் தலையும் வயிறும் நல்ல ரத்தச் சிவப்பு. தமிழில் சிவப்புடல் அழகி என்கிறோமே, அதேதான். உங்கள் படத்தில் இருப்பதற்கு உடம்பு முழுக் கறுப்பு, தலையிலும் கழுத்துப் பக்கத்திலும் மட்டும் பொடி வெள்ளைப் புள்ளிகள். இது ஒன்றே போதும்.

உடம்பு தெரியாத படமாக இருந்தாலும் நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லியிருப்பேன். கிரிம்சன் ரோஸ் கறிவேப்பிலையில் முட்டை வைக்காது. அதன் புழு தின்பது ஈஸ்வரமூலிக் கொடி, ஆடுதீண்டாப்பாளை, அந்தக் குடும்பம் மட்டும்தான். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம், காட்டு எலுமிச்சை என்று நாரத்தைக் குடும்பத்தில் முட்டை வைக்கிற வால் வைத்த கறுப்புப் பூச்சி ஊருக்குள் என்றால் பெரும்பாலும் காமன் மார்மன்தான். பாபிலியோ பாலிடெஸ் என்று 1758-இலேயே லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்துவிட்டார்.

விஷம் என்று தாத்தா சொன்னது கிரிம்சன் ரோஸுக்குச் சரி. ஈஸ்வரமூலி இனத்துச் செடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலத்தைப் புழுவாக இருக்கும்போதே உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, அதனால் ஒருமுறை கொத்திய பறவை அடுத்த முறை யோசிக்கும். ஆனால் தொட்டால் ஒன்றும் ஆகாது, கடித்துத் தின்றால்தான். உங்கள் மாடிக்கு வந்ததற்கு அந்த விஷமும் கிடையாது. பிள்ளைகளைத் தாராளமாகப் பார்க்க விடுங்கள்.

மொட்டைமாடி:

அடேங்கப்பா. சரி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், உடம்பு கறுப்புதான். அப்படியென்றால் இன்னொரு சந்தேகம். இதே செடிப் பக்கம் சில சமயம் சிவப்பே இல்லாத ஒன்று வரும், முழுக் கறுப்பு, பின் இறக்கையின் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசையாகக் குறுக்கே போகும், வால் இருக்கும். அது வேறு இனமா?

லென்ஸ் பாலா:

அது ஆண். இதே இனம். முன் இறக்கையின் வெளி ஓரத்திலும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி இருக்கும், அதையும் கவனியுங்கள். இறக்கையை விரித்தால் 9 முதல் 10 சென்டிமீட்டர் வரும்.

ஆண் எல்லாம் ஒரே மாதிரி. பெண்ணில்தான் மூன்று ரகம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும், பின் இறக்கையின் ஓரத்தில் மட்டும் சிவப்புப் பிறைகள் தெளிவாக இருக்கும், இதை சைரஸ் என்பார்கள், மூன்றில் இதுதான் குறைவாகக் கண்ணில் படும். இரண்டாவது ஸ்டிக்கியஸ், கிரிம்சன் ரோஸின் சொந்தக்காரரான காமன் ரோஸைப் பார்த்து நகல் எடுத்தது, பின் இறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு. இதுதான் அதிகம் பார்ப்பது. மூன்றாவது ரோமுலஸ், கிரிம்சன் ரோஸின் நகல், முன் இறக்கையில் உடைந்த வெள்ளைப் பட்டை, பின்னால் சிவப்புப் புள்ளிகள். உங்களுடையது இந்த மூன்றாவது.

கிரிம்சன் ரோஸ் முக்கியமாகத் தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த வட்டத்தில்தான் இருக்கிறது, ரோமுலஸ் பெண்ணும் அந்த வட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் போவதில்லை. அசல் இல்லாத ஊரில் நகல் எடுத்து என்ன பிரயோஜனம். சிம்லா மாதிரி ரோஸ்கள் இல்லாத இடங்களில் ஆண் போன்ற சைரஸ் பெண்தான் சாதாரணம்.

கூட்டுப்புழு:

பாலா அண்ணா இறக்கை பக்கம் முடித்துவிட்டார், புழு பக்கம் நான் வருகிறேன். நான் வீட்டில் இதுகளை வளர்த்து விடுகிற ஆள், சேலம்.

நீங்கள் பார்த்தீர்களே, ஒரு நொடி உட்கார்ந்து எழுந்து போனது என்று, அந்த ஒரு நொடியில் அது இலையை ருசி பார்க்கிறது. முன்னங்காலால் இலை மேல் படபடவென்று தட்டும், காலில்தான் சுவை உணரும் முடிகள் இருக்கின்றன. சரியான இலை என்றால்தான் வயிற்றை வளைக்கும். அதனால்தான் பக்கத்துத் தொட்டியில் இருந்த துளசியிலோ செம்பருத்தியிலோ வைக்காமல் கறிவேப்பிலைக்கே திரும்பத் திரும்ப வந்தது. முட்டையைக் குவியலாக வைக்காது, ஒரு இடத்தில் ஒன்று, அதுவும் பெரும்பாலும் கொழுந்தில்.

மூன்று நான்கு நாளில் பொரியும். வந்ததும் முட்டை ஓட்டைத் தின்றுவிட்டுத்தான் இலைக்குப் போகும். ஆரம்பத்தில் பழுப்பும் வெள்ளையுமாக, ஈரமாக மினுமினுத்துக்கொண்டு, அச்சு அசலாகக் காக்கை எச்சம். இலையின் மேல்புறத்தில் நட்டநடுவில் துணிச்சலாகக் கிடக்கும், எச்சத்தை யார் தின்பார்கள் என்கிற தைரியம். நான்கு முறை தோல் உரிக்கும். கடைசி உரிப்புக்குப் பிறகு திடீரென்று பச்சை, விரல் பருமன், பக்கவாட்டில் பழுப்பும் வெள்ளையும் கலந்த சாய்ந்த பட்டை, முதுகின் முன்பக்கம் உப்பி அதில் இரண்டு கண். அது கண்ணே இல்லை, வெறும் கோலம். உண்மையான தலை அதற்குக் கீழே சின்னதாக மடங்கி இருக்கும், சாப்பிடும்போது மட்டும் வெளியே நீட்டும்.

இப்போது விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு பிதுங்கி வரும், பாம்பு நாக்கு மாதிரி கவட்டையாக. கூடவே ஒரு வாடை, கெட்டுப்போன நாரத்தங்காய் ஊறுகாயைத் திறந்த மாதிரி. எறும்பு, சிலந்தி மாதிரிச் சின்ன எதிரிகளுக்கு அந்த வாடை ஆகாது. குட்டிப் புழுவில் வரும் வாடையும் பெரிய பச்சைப் புழுவில் வரும் வாடையும் வேறு வேறு, உள்ளே இருக்கும் ரசாயனமே மாறிவிடுகிறது, சின்னதில் டெர்பீன் வகை, பெரியதில் புளித்த வெண்ணெய் வாடை அடிக்கிற அமிலங்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் திரும்பத் திரும்பத் தொடச் சொல்வார்கள், ஒருமுறையோடு நிறுத்தச் சொல்லுங்கள், அது பாவம் ஒவ்வொரு தடவையும் பயந்துதான் நீட்டுகிறது.

புளியங்குடியான்:

எல்லாம் ரசனையாகத்தான் இருக்கிறது. நான் எலுமிச்சை விவசாயி, எங்கள் ஊரே எலுமிச்சையை நம்பி இருக்கிற ஊர். நீங்கள் "அழகி" என்று கூப்பிடுகிறது எங்களுக்கு எலுமிச்சைப் புழு. நாற்றங்காலில் ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் கன்று வெறும் குச்சியாக நிற்கும். கடைசிப் பருவத்தில் அது தின்கிற வேகத்தை மாடித் தொட்டியில் பார்த்துவிட்டு எடை போடாதீர்கள். வளர்த்து விடுகிறேன் என்று ஒருவர் எழுதுவதைப் படித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கூட்டுப்புழு:

ஐயா, உங்கள் நாற்றங்காலில் அதிகம் வருவது வால் இல்லாததா, வால் உள்ளதா? கறுப்பில் நிறைய மஞ்சள் திட்டு, பின் இறக்கையின் மூலையில் சிவப்பு ஒரு கண் புள்ளி, வாலே கிடையாது என்றால் அது காமன் லைம், எலுமிச்சை அழகி. இதுவும் அதே வால்பூச்சிக் குடும்பம்தான், வால் மட்டும் இல்லை. நர்சரியில் சேதத்தில் முதலிடம் பெரும்பாலும் அதற்குத்தான், மார்மன் கூடவே வரும்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் வளர்த்து விடுவது என் மாடிச் செடியில் பிறந்ததை, இங்கிருந்து உங்கள் தோப்புக்கு வந்து சேராது.

புளியங்குடியான்:

இரண்டும் வரும். மஞ்சள் திட்டு போட்டதுதான் அதிகம், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது தரையை ஒட்டி விர்ரென்று போகும், பிடிக்கவே முடியாது. கறுப்பு கொஞ்சம் நிதானம், நிழல் ஓரமாகச் சுற்றும்.

சரி, திட்டிவிட்டேன், பதிலும் சொல்லிவிடுகிறேன், கேட்டவர் தொட்டிச் செடிக்காரர். வளர்ந்த மரத்துக்கு இந்தப் புழுவால் பெரிய நஷ்டம் கிடையாது, திரும்பத் துளிர்த்துவிடும். கன்றுக்குத்தான் ஆபத்து. மருந்தே வேண்டாம், கையால் பொறுக்குங்கள். கன்றுகளில் நாங்களும் முதலில் அதைத்தான் செய்கிறோம், எச்சம் மாதிரி இருப்பதால் புது ஆளுக்குத் தெரியாது, பழகிய கண்ணுக்குத் தப்பாது. நிறைய இருந்தால் பிடி என்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாக் கரைசலைச் சாயங்காலத்தில் அடிக்க வேண்டும், வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும். சின்னப் புழுவில்தான் அது நன்றாகக் கேட்கும். வீட்டுச் செடிக்கு அதுவும் தேவையில்லை. கறிவேப்பிலையில் அஸ்வினி வந்தது என்று கடையில் கேட்டு ஏதோ ஒன்றை அடித்துவிட்டு அதே இலையை ரசத்தில் போடுகிறார்களே, அதைப் பற்றித்தான் நீங்கள் எல்லாரும் கவலைப்பட வேண்டும்.

மொட்டைமாடி:

ஐயா, நன்றி. என்னிடம் இருப்பது இடுப்பு உயரச் செடி ஒன்று, முழங்கால் உயரக் கன்று ஒன்று. பெரியதில் விட்டுவிட்டுக் கன்றில் இருப்பதை மட்டும் பெரியதுக்கு மாற்றினால் சரியாக இருக்குமா?

கூட்டுப்புழு:

அதேதான். முட்டையைப் பிரிக்க முயலாதீர்கள், இலையோடு கிள்ளிப் பெரிய செடியின் கொழுந்தில் சொருகி வையுங்கள், பொரிந்ததும் அதுவே ஏறிக்கொள்ளும். புழுவாக இருந்தால் தோல் உரிக்கிற நேரத்தில் தொடாதீர்கள், அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் என்று அர்த்தம்.

வீட்டுக்குள் டப்பாவில் வளர்க்கிறவர்களுக்கு ஒன்று. இலை தீர்ந்துவிட்டது என்று சந்தையில் கட்டாக வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். நான் போட்டேன், நன்றாகக் கழுவித்தான் போட்டேன். சாயங்காலத்துக்குள் பச்சையாக வாந்தி எடுத்துச் சுருண்டு போயின. நாம் தினமும் தாளிக்கிற இலை அது.

தேசிமரம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட வளவில் கிணற்றடியில் தேசிக்காய் மரம், உங்கட எலுமிச்சைதான், ஒன்று நிற்கிறது, இதே பூச்சி, மூன்று வித பெண்ணும் இங்கேயும் உண்டு. மாரி மழை விட்டுத் தளிர் விடுகிற நாட்களில்தான் அதிகம். கிரிம்சன் ரோஸும் இங்கே தாராளம், இரண்டையும் ஒரே இட்லிப்பூச் செடியில் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம், அப்போதுதான் வித்தியாசம் வடிவாகத் தெரியும். அசல் ஆறுதலாகப் பறக்கும், தன்னை ஒருவரும் தொட மாட்டார்கள் என்று தெரிந்த மாதிரி. நகலும் அதே மாதிரி ஆறுதலாகப் பறந்து காட்டும், ஆனால் நீங்கள் கிட்டப் போய்க் கையை வீசினால் வேஷம் கலைந்துவிடும், கோணல்மாணலாக அடித்துப் பறந்துவிடும்.

இந்த மூன்று பெண் விஷயத்தில் இலங்கைக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இவை ஒரே இனத்துப் பெண்கள் என்பதே 19-ஆம் நூற்றாண்டில் பெரிய புதிர். இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1865-இல் மலாய்த் தீவுகளின் பூச்சிகளைப் பற்றி எழுதும்போது இதை எடுத்துப் பேசினார். பிறகு ஃபிரையர் என்ற ஆங்கிலேயர் இலங்கையில் இருந்து இதே பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மாதிரி மகள்கள் பிறக்கிறார்கள் என்று எழுதி வைத்து, 1913-இல் வெளியிட்டார். தகப்பனும் அந்தக் குணத்தைக் கடத்துகிறது, ஆனால் தன் இறக்கையில் காட்டுவதில்லை என்பது அவருக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. மெண்டலின் மரபு விதிகள் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டுப் பத்துப் பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்த காலம் அது.

கேள்வி மன்னன்:

இரண்டு கேள்வி. ஒன்று, வேஷம் இவ்வளவு நல்லது என்றால் ஆண் ஏன் போடவில்லை? இரண்டு, இறக்கையை இவ்வளவு நுணுக்கமாகக் காப்பியடித்த பூச்சிக்கு உடம்பைச் சிவப்பாக்கத் தெரியாதா?

லென்ஸ் பாலா:

முதல் கேள்விக்குப் பாதிப் பதில் தேசிமரம் அண்ணன் சொல்லிவிட்டார். மீதி 2014-இல் வந்தது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள். டபுள்செக்ஸ் என்று ஒரு மரபணு, பூச்சிகளில் ஆண் உடம்பா பெண் உடம்பா என்று வேறுபடுத்துவதில் பங்குள்ளது. அதே மரபணுதான் இந்தப் பூச்சியில் பெண்ணின் இறக்கைக்கு எந்தக் கோலம் என்பதையும் முடிவு செய்கிறது. பட்டை, புள்ளி, சிவப்பு என்று தனித்தனியாக ஒரு டஜன் மரபணுக்கள் சேர்ந்து இயங்கும் என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள், கடைசியில் பார்த்தால் ஒன்று. அதன் ஒரு வடிவம் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது, அதனால் மற்றதோடு கலந்து பாதி வேஷம் மீதி ஆண் சாயல் என்று அரைகுறையாகப் பிறப்பது தவிர்க்கப்படுகிறது. வேஷ வடிவம் ஆதிக்கம் செலுத்துவது, அம்மா அப்பா யாரிடமிருந்தாவது ஒன்று வந்தால் போதும், மகள் வேஷத்தோடு பிறப்பாள். மகனும் அதைச் சுமப்பான், ஆனால் இறக்கையில் எழுதாது.

எதற்காக என்று கேட்டால், பெண்ணுக்குத் தேவை அதிகம். முட்டைச் சுமையோடு, செடி செடியாகத் தேடிக்கொண்டு, மெதுவாகப் பறக்க வேண்டிய நிலை, பறவைக்குச் சுலபம். ஆணுக்கு அந்தச் சுமை இல்லை, தன் பழைய கோலத்திலேயே இருந்தால் பெண்ணும் போட்டி ஆணும் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்றும் ஒரு விளக்கம் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, நகல் அதிகமாகி அசல் குறைந்துவிட்டால் பறவை "இந்தச் சிவப்புப் புள்ளி ருசியாகத்தானே இருக்கிறது" என்று கற்றுக்கொள்ளும். ஊரில் எல்லாரும் போலீஸ் வேஷம் போட்டால் திருடன் பயப்பட மாட்டான். எல்லாப் பெண்ணும் கூட வேஷம் போடாமல் சில சைரஸாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஜப்பானின் மியாகோ தீவில் காமன் ரோஸ் புதிதாகக் குடியேறிய பிறகு அங்கே மார்மனில் வேஷப் பெண்களின் பங்கு கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அசல் வந்ததும் நகலுக்கு மவுசு.

உடம்புச் சிவப்புக்கு என் கருத்து: தேவைப்படவில்லை. கரிச்சானோ பஞ்சுருட்டானோ பறக்கிற பூச்சியைப் பார்ப்பது ஒரு கணம், அதற்குள் கண்ணில் விழுவது இறக்கை. அந்த ஒரு கணம் தயங்க வைத்தால் போதும். நாம்தான் லென்ஸை வைத்துக்கொண்டு வயிற்றைப் பார்க்கிறோம்.

நார்விச் ராஜி:

தலைப்பில் பட்டாம்பூச்சி என்று பார்த்து உள்ளே வந்தேன். நான் இருக்கும் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஸ்வாலோடெயில், அதாவது வால்பூச்சி, என்றால் வேறு ஒன்று, பாபிலியோ மெகயான். வெளிர் மஞ்சளில் கறுப்புக் கோடுகள், பின் இறக்கையில் நீலப் பட்டை, மூலையில் சிவப்புப் பொட்டு. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என்று உலகத்தைச் சுற்றி இருக்கும் பூச்சி, நம் நாட்டிலும் இமயமலைப் பக்கம் உண்டு, ஆனால் இங்கிலாந்துக்கே உரிய துணையினம் நார்ஃபோக் பிராட்ஸ் என்ற சதுப்பு நிலத்தை விட்டு வெளியே வருவதில்லை. காரணம் சாப்பாடு. அதன் புழுவுக்கு மில்க் பார்ஸ்லி என்று ஒரு சதுப்புச் செடி வேண்டும், அந்தச் செடி நாணல் வெட்டிப் பராமரிக்கிற ஈர நிலத்தில்தான் நிற்கும். ஐரோப்பாவில் உள்ள அதன் சொந்தக்காரர்கள் கேரட் இலை, சோம்புச் செடி என்று தோட்டத்தில் கிடைத்ததைத் தின்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஊரில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த கறுப்புப் பூச்சிக்கு இவ்வளவு கதை இருப்பது இங்கே வந்துதான் தெரிகிறது. அங்கே இருந்தபோது அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இங்கே மெகயானைப் பார்க்க ஜூன் மாதத்தில் கார் எடுத்துக்கொண்டு போய்ப் பலகைப் பாதையில் வரிசையில் நிற்கிறார்கள்.

லென்ஸ் பாலா:

ராஜி அக்கா சொன்னதுதான் வாழிடம் பற்றிய முழு விஷயமும். மார்மன் காடும் தோட்டமும் கலந்த இடத்துப் பூச்சி, ஆனால் அதன் புழுவுக்குப் பிடித்த செடியைத் தென்னிந்தியாவில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறோம். மனிதன் கட்டிடம் கட்டக் கட்டக் காணாமல் போகிற பூச்சிகள் நிறைய, இது நம் சமையலறையைப் பிடித்துக்கொண்டு நகரத்துக்குள்ளேயே வாழ்கிறது. சென்னையில் மூன்றாவது மாடி பால்கனியில்கூட முட்டை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

பூவில் நிற்கும் விதத்தையும் கவனியுங்கள். மற்றப் பட்டாம்பூச்சி மாதிரி இறக்கையை மூடி உட்கார்ந்து குடிக்காது. கால் பூவைத் தொட்டுக்கொண்டிருக்கும், முன் இறக்கை விடாமல் படபடத்துக்கொண்டே இருக்கும். படம் எடுக்கிறவர்களுக்கு இது ஒரு தொல்லை, ஷட்டர் வேகத்தை நன்றாக ஏற்றாமல் முன் இறக்கை தெளிவாக விழாது. இட்லிப்பூ, உண்ணிப்பூ, செம்பருத்தி இருந்தால் வரும். ஆண்களை ஆற்று மணலிலும் மழைக்குப் பிறகு சேற்று ஓரத்திலும் பார்க்கலாம், பூவில் கிடைக்காத உப்பை அங்கே உறிஞ்சுகின்றன, பெண்ணை அங்கே பார்ப்பது அரிது.

வால் எதற்கு என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், பறவையின் கவனத்தைத் தலையிலிருந்து திருப்ப. இதே குடும்பத்தின் ஐரோப்பிய இனம் ஒன்றை வைத்து 2022-இல் வெளியான ஆய்வில் பறவைகள் வால் பக்கத்தையே அதிகம் கொத்தின, அந்தப் பகுதி சுலபமாகக் கிழியும்படியும் இருந்தது. ஒரு வால் இல்லாத மார்மனைப் பார்த்தால் அது எங்கோ தப்பித்து வந்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடி:

சில வாரம் கழித்து வருகிறேன். புழுக்கள் பெரிதாகிப் பச்சையானது வரை எல்லாம் சரி. ஒன்று தொட்டிச் சுவரில் பழுப்பு நிறக் கூடாக இருக்கிறது, ஒன்று தண்டில் பச்சைக் கூடு. ஒரே தாய் பிள்ளைகள்தானே, ஏன் இரண்டு நிறம்? இரண்டாவது, பழுப்புக் கூட்டில் இன்று காலை ஊசியால் குத்திய மாதிரி ஒரு ஓட்டை, எதுவும் வெளியே வரவில்லை. பச்சைக் கூடு கொஞ்சம் கறுத்திருக்கிறது, அதுவும் போய்விட்டதா? மூன்றாவது ஒன்று கூடாக மாறிய பிறகு நூல் அறுந்து கீழே விழுந்து கிடக்கிறது.

கூட்டுப்புழு:

நிறம் இடத்தைப் பொறுத்தது. பச்சைத் தண்டு, இலை நடுவே கூடு கட்டினால் பச்சை, காய்ந்த குச்சி, சுவர் என்றால் பழுப்பு. கூடாக மாறும் முன் புழு ஒரு நாள் ஊர் சுற்றுமே, வயிற்றில் இருப்பதையெல்லாம் நீர்நீராகக் கழித்துவிட்டு இடம் தேடுமே, அப்போதே இது முடிவாகிவிடுகிறது. பிறகு பின்நுனியைப் பட்டுத் திட்டில் மாட்டிக்கொண்டு, மார்பைச் சுற்றி ஒரு இழை போட்டு, சாய்ந்து உட்காரும், கம்பத்தில் வேலை பார்க்கும் ஆள் இடுப்பில் கட்டியிருக்கும் கயிறு அது.

ஓட்டை விழுந்த கூட்டை விட்டுவிடுங்கள். அது குளவி வேலை. டெரோமலஸ் வகைப் பொடிக் குளவி, எறும்பை விடச் சின்னது, புழு கூடாக மாறும் நேரம் பார்த்துப் பக்கத்திலேயே காத்திருக்கும், தோல் இளசாக இருக்கும்போது உள்ளே முட்டை வைத்துவிடும். ஒரு கூட்டிலிருந்து பொடிப்பொடியாக நிறையக் குளவிகள் அந்த ஓட்டை வழியாக வந்திருக்கும், நீங்கள் எழுவதற்குள் போயிருக்கும். கோபப்படாதீர்கள், இந்தக் குளவிகளும், முட்டையிலேயே கை வைக்கிற டிரைக்கோகிராமா குளவிகளும், தையல்சிட்டும், ஓணானும் இல்லை என்றால் புளியங்குடி ஐயா சொன்னது உங்கள் மாடியிலும் நடக்கும்.

பச்சைக் கூடு கறுப்பது நல்ல சேதியாகவும் இருக்கலாம். வெளிவரும் முன் ஓடு கண்ணாடியாகி உள்ளே இருக்கும் கறுப்பு இறக்கை தெரியும், உற்றுப் பார்த்தால் புள்ளிகள்கூடத் தெரியும். அப்படித் தெரியாமல் ஒரே பழுப்பாக, தொட்டால் மெத்தென்று இருந்தால் போய்விட்டது. கூடாகிப் பத்து நாள் போல ஆகியிருந்தால் பெரும்பாலும் வெளியே வரப் போகிறது.

விழுந்து கிடப்பதைக் காப்பாற்றலாம். ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டி, வால் பக்கம் கீழே போகும்படி கூட்டை அதில் நிறுத்திச் சுவரில் ஒட்டி வையுங்கள். உள்பக்கம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், வழவழத் தாள் வேண்டாம், வெளியே வந்ததும் ஏறித் தொங்க அதற்குப் பிடி தேவை. தொங்க முடியாவிட்டால் இறக்கை விரியாமல் சுருங்கியே இறுகிவிடும். வந்தவுடன் பழுப்பாகக் கொஞ்சம் நீர் விடும், ரத்தம் என்று பதற வேண்டாம். இறக்கை உலர ஓரிரு மணி நேரம், அதுவரை கையில் எடுக்காதீர்கள், சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுகிறேன் என்றும் இறங்காதீர்கள்.

புளியங்குடியான்:

குளவியைப் பற்றிச் சொன்னது சரி. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான், அடுத்த தளிரில் புழு இரட்டிப்பாக வரும். இந்தக் காமன் லைம் 2004-இல் டொமினிக்கன் குடியரசில் தென்பட்டு, அங்கிருந்து கரீபியன் தீவுகளில் பரவிக்கொண்டிருக்கிறது என்று படித்தேன். இங்கே அதைத் தின்று பழகிய எதிரிகள் நிறைய, அங்கே போய் இறங்கியபோது எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மொட்டைமாடி:

பச்சைக் கூடு திறந்துவிட்டது! ஆண், சிவப்பு இல்லை, வெள்ளை வரிசை. கூம்பில் வைத்தது இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மா ரோமுலஸ், மகன் சாதாரணக் கறுப்பு, பாலா அண்ணா எழுதியது அப்படியே நடந்திருக்கிறது. செடியில் இலை பாதி போனது உண்மைதான், ஆனால் புதுக் கொழுந்து வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. அசல் கிரிம்சன் ரோஸையும் வரவழைக்க ஆசை. ஈஸ்வரமூலிக் கொடியைத் தொட்டியில் வளர்க்கலாமா?

லென்ஸ் பாலா:

வளர்க்கலாம், கொஞ்சம் ஆழமான தொட்டி, ஏறிக்கொள்ளக் கம்பியோ வலையோ போதும். காமன் ரோஸும் அதிலேயே வரும். புழு கருஞ்சிவப்பில் சதைப்பற்றான முள் முள்ளாக இருக்கும், பார்த்துப் பயந்து தட்டிவிடாதீர்கள். வந்தால் கொடியை ஒரு இலை விடாமல் மொட்டையடிக்கும், வேரிலிருந்து திரும்ப வரும், அதனால் இரண்டு தொட்டியாக வையுங்கள். நாட்டு மருந்துச் செடிகள் வைத்திருக்கும் நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாம்புக்கடிக்கு, வயிற்றுக்கு என்று சொல்லி அந்த இலையையோ வேரையோ யார் கஷாயம் வைக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். பூச்சிக்குக் கவசமாக இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதனுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். எதிர்வீட்டுத் தாத்தாவிடம் இதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.